கடல்நீரிலிருந்து ஒரே ஒரு டயாட்டம்: தனியாகப் பிரித்து கல்ச்சராக வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு வாளிக் கடல்நீரில் டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி), டைனோஃபிளாஜெல்லேட், சிலியேட், கோப்பிபாட் குஞ்சு, பாக்டீரியா எல்லாம் கலந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு டயாட்டம் இனத்தை மட்டும் பிரித்து, மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். அளவுகள் தமிழகக் கடற்கரையின் வெப்பநிலைக்கும் உப்புத்தன்மைக்கும் பொருந்துபவை.

புதிதாக வருகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் கைத்திறனில் அல்ல, வேலையின் வரிசையில். முதலில் கடலுக்குப் போய் மாதிரி எடுத்துவிட்டு, ஆய்வகம் திரும்பிய பிறகு மீடியம் (டயாட்டம் வளரத் தேவையான சத்துக் கரைசல்) கலக்க உட்காருகிறார்கள். மீடியம் தயாராக இரண்டு நாள் ஆகும். அதற்குள் பாட்டிலில் இருந்த டயாட்டங்களைச் சிலியேட்டுகள் தின்று முடித்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் மாதிரி எடுப்பது ஐந்தாவது படி. கடலுக்குப் போகும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வேலை தொடங்குகிறது.

1. அடிப்படைக் கடல்நீரைச் சேமித்து வையுங்கள் (21 நாள் முன்பு)

இது மாதிரி அல்ல, மீடியம் கலக்கத் தேவையான நீர். 20 லிட்டர் போதும். கரையோரக் கலங்கல் இல்லாத இடத்தில், ஏற்றத்தின்போது எடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். ஆற்று நீரோடு சேறும் கழிவும் வந்திருக்கும்.

கேன் புதிதாக இருந்தாலும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஓர் இரவு நிரப்பி வைத்து, நன்றாக அலசிய பிறகே பயன்படுத்துங்கள். நீரை நிரப்பி, கறுப்புத் துணி சுற்றி, இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள். வெளிச்சம் இல்லாமல் பாசிகள் சாகும், மண் அடியில் படியும். அதன்பின் அடியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் உறிஞ்சி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள்.

அடுத்தது உப்புத்தன்மை. ரிஃப்ராக்டோமீட்டரை முதலில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்யுங்கள். மாதிரி எடுக்கப்போகும் இடத்தின் உப்புத்தன்மைக்கும் மீடியத்துக்கும் 2 அலகுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக வெள்ளாறு போன்ற முகத்துவாரங்களில், உப்பு சட்டென்று இறங்கிவிடும். கோடையில் 34 இருந்த நீரை மழைக்கால மாதிரிக்கு அப்படியே பயன்படுத்தினால் செல்கள் சுருங்கிச் சாகும். 34-ஐ 28 ஆக்க, ஒரு லிட்டருக்கு 214 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும்.

2. கண்ணாடிச் சாமான்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள்

கல்ச்சருக்கான பிளாஸ்க், டெஸ்ட் டியூப், பைப்பெட் எதுவும் வேறு வேலைக்குப் போகக்கூடாது. ஒருமுறை ஃபார்மலின் வைத்த பாட்டிலில் எவ்வளவு கழுவினாலும் டயாட்டம் சரியாக வளராது என்று வைத்துக்கொள்ளுங்கள். லூகால் (மாதிரியைக் கொன்று பதப்படுத்தும் அயோடின் கரைசல்) தொட்ட பைப்பெட்டும் அப்படித்தான்.

சோப்புப் பொடியைத் தவிர்க்கலாம். அதன் படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். 10 சதவீத அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஐந்தாறு முறை அலசினால் போதும். கறுப்பு ரப்பர் கார்க் போடாதீர்கள். ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) சூட்டில் அதிலிருந்து நச்சுப் பொருட்கள் கசியும். பஞ்சு அடைப்பான் அல்லது டெஃப்லான் பூசிய மூடி நல்லது.

3. எஃப்/2 மீடியம்: ஸ்டாக் கரைசல்கள் (7 நாள் முன்பு)

கடல் டயாட்டங்களுக்கு உலகம் முழுவதும் பயன்படுவது கில்லார்டின் எஃப்/2. எல்லா உப்பையும் ஒரே பாட்டிலில் கலந்துவிடக் கூடாது. அடர்த்தியான நிலையில் ஒன்றோடொன்று வினைபுரிந்து வண்டலாகிவிடும். ஐந்து ஸ்டாக் (பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல்) தனித்தனியாக வேண்டும்.

நைட்ரேட்: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் நைட்ரேட் 75 கிராம்.

பாஸ்பேட்: ஒரு லிட்டரில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (1 படிகநீர்) 5 கிராம்.

சிலிகேட்: ஒரு லிட்டரில் சோடியம் மெட்டாசிலிகேட் (9 படிகநீர்) 30 கிராம். இந்தக் கரைசல் கடுமையான காரம். கண்ணாடியை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள்.

நுண் உலோகங்கள்: சுமார் 950 மி.லி. நீரில் முதலில் டைசோடியம் ஈ.டி.டி.ஏ (2 படிகநீர்) 4.36 கிராம் கரையுங்கள். அது முழுதாகக் கரைந்த பிறகே ஃபெரிக் குளோரைடு (6 படிகநீர்) 3.15 கிராம் சேர்க்க வேண்டும். கடல்நீரின் காரத்தில் தனி இரும்பு துருப்போல் படிந்துவிடும், ஈ.டி.டி.ஏ பிடித்துவைத்தால்தான் செல்லுக்குக் கிடைக்கும். பிறகு பின்வரும் முதன்மைக் கரைசல்களில் தலா 1 மி.லி. சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். லிட்டருக்கு காப்பர் சல்ஃபேட் (5 படிகநீர்) 9.8 கிராம், சோடியம் மாலிப்டேட் (2 படிகநீர்) 6.3 கிராம், ஜிங்க் சல்ஃபேட் (7 படிகநீர்) 22 கிராம், கோபால்ட் குளோரைடு (6 படிகநீர்) 10 கிராம், மாங்கனீஸ் குளோரைடு (4 படிகநீர்) 180 கிராம். ஒவ்வொன்றும் தனித்தனி பாட்டில்.

வைட்டமின்: ஒரு லிட்டரில் தயமின் 200 மி.கி., பயோட்டின் 1 மி.கி., பி12 1 மி.கி. இதை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், சூட்டில் சிதையும். 0.22 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடித்து, சிறு குப்பிகளில் பிரித்து உறையவையுங்கள். பல டயாட்டங்களால் பி12-ஐத் தாமே தயாரிக்க முடியாது. புது மீடியத்துக்கு மாற்றும் முதல் இரண்டு முறை நன்றாக வளர்ந்து, மூன்றாவதில் படுத்துவிடும் கல்ச்சரில் வைட்டமின் விடுபட்டதா என்று முதலில் பாருங்கள்.

கலக்கும் அளவு: ஒரு லிட்டர் கடல்நீருக்கு நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், உலோகம் தலா 1 மி.லி., வைட்டமின் 0.5 மி.லி.

எல்லாவற்றையும் கலந்துவிட்டு ஆட்டோகிளேவ் செய்தால் அடியில் வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ படியும். சூட்டில் கரியமில வாயு வெளியேறுகிறது, நீரின் காரத்தன்மை ஏறுகிறது, அப்போது பாஸ்பேட்டும் சிலிகேட்டும் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து வண்டலாகின்றன. அந்தத் துகள்கள் மைக்ரோஸ்கோப்பில் செல்போலத் தெரிந்து எண்ணும்போதும் குழப்பும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. கடல்நீரைத் தனியாகவும் வைட்டமின் தவிர்த்த மற்ற ஸ்டாக்குகளைத் தனியாகவும் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கடல்நீரை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் தீச்சுடர் அருகில் ஸ்டாக்குகளைச் சேருங்கள். சிலிகேட் கடைசியில், பிளாஸ்கைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக.

இப்போது இதில் பாதியை நீர்க்கச் செய்ய வேண்டும். எஃப்/2-வில் நைட்ரேட் லிட்டருக்கு 880 மைக்ரோமோலுக்கு மேல். திறந்த கடலின் மேற்பரப்பில் அது சில மைக்ரோமோல்தான், பல நேரம் அதைவிடக் குறைவு. கடலிலிருந்து நேராக வந்த செல் அந்தச் செறிவைத் தாங்காமல் போகலாம். பிரித்தெடுக்கும் கட்டத்துக்கு பத்தில் ஒரு பங்கு, அதாவது எஃப்/20 பயன்படுத்துங்கள். சிலிகேட்டை மட்டும் பாதி அளவில் வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. அது தீர்ந்தால் டயாட்டம் ஓடு கட்ட முடியாமல் நின்றுவிடும்.

4. மீடியத்தைச் சோதித்துப் பாருங்கள் (5 நாள் முன்பு)

பலர் தாண்டிவிடும் படி இது. இரண்டு டியூப்பில் வெறும் மீடியத்தை வெளிச்சத்தில் வையுங்கள். இன்னும் இரண்டில், ஏற்கெனவே நன்றாக வளரும் ஏதாவது ஒரு கல்ச்சரைச் சில சொட்டு விடுங்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் கிடைக்கும் கீட்டோசெரோஸ் என்ற டயாட்டம் போதும். வெறும் டியூப் கலங்கினால் கிருமி நீக்கம் சரியில்லை. கீட்டோசெரோஸ் வளராவிட்டால் மீடியம் சரியில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், பிறகு எதுவும் வளராதபோது குற்றம் மீடியத்திலா, கையிலா, செல்லிலா என்று சொல்லவே முடியாது.

5. மாதிரி எடுத்தல்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காத் தீவுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். மற்ற இடங்களில் மீன்பிடிப் படகே போதும்.

இரண்டு விதமாக எடுங்கள். ஒன்று, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழிருந்து நேரடியாக 2 லிட்டர் நீர். இரண்டு, 20 மைக்ரான் கண்ணியுள்ள வலையை மெதுவான வேகத்தில் 3 முதல் 5 நிமிடம் இழுத்த மாதிரி. வலையில் பெரிய சங்கிலி டயாட்டங்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் சிறியவை கண்ணி வழியே போய்விடும், மென்மையானவை நசுங்கும். நேரடி நீரை எடுப்பது அதற்காகத்தான். அதிக நேரம் இழுத்தால் நிறையக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணி அடைத்துக்கொண்டு நீர் வெளியே தள்ளப்படும், உள்ளே இருப்பது கூழாகும்.

வலையின் குடுவையில் திரண்டதை உடனே 200 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். கோப்பிபாட்டுகளில் பெரும்பகுதி அதில் தங்கும். அடியில் வருவதை வடிகட்டிய கடல்நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அடர்த்தியாக அப்படியே கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து நாறத் தொடங்கும்.

பாட்டிலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஈரத்துணி சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் நிழலில் வையுங்கள். ஐஸ் வேண்டாம். 28 டிகிரியில் வாழ்ந்த செல்லை ஐஸ்மேல் வைத்தால் அது அதிர்ச்சியில் சாகும். மீன் கெடாமல் இருக்க ஐஸ் போட்டுப் பழகிய படகில் இதை முன்பே சொல்லிவையுங்கள். அன்போடு உதவுவதாக நினைத்து யாராவது ஐஸைக் கொட்டிவிடுவார்கள்.

நீர் பச்சையாக, கஞ்சிபோல இருந்தால் அது பாம்பன் பக்கம் பூங்கோரை என்று சொல்லப்படும் நாக்டிலூகாவாக இருக்கலாம். அன்று டயாட்டம் தேடாதீர்கள். நாக்டிலூகா டயாட்டங்களை விழுங்கும், அதன் உடல் சிதைந்தால் அம்மோனியாவும் வெளிவரும்.

இடத்தின் ஆயத்தொலைவு, நேரம், நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை நான்கையும் படகிலேயே பென்சிலால் எழுதுங்கள். கூடவே 100 மி.லி. நீரைத் தனிப் பாட்டிலில் எடுத்து, 0.5 முதல் 1 மி.லி. லூகால் விட்டு மூடுங்கள். பால் சேர்க்காத லைட் டீயின் நிறம் வர வேண்டும். உயிருள்ள மாதிரியில் எது செத்தது, எது பெருகியது என்று பிறகு ஒப்பிட இந்தப் பாட்டில்தான் சாட்சி. லூகால் பாட்டிலும் உயிர்மாதிரிப் பாட்டிலும் ஒரே பெட்டியில் வரக்கூடாது.

6. அன்றே பிரித்தெடுங்கள்

ஆறு மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதிரியில் கொஞ்சம் எஃப்/2 ஊற்றிவைப்பது வழக்கமான தவறு. மூன்றாம் நாள் பாட்டில் அழகாகப் பழுப்பாகும். ஆனால் அதில் இருப்பது சிலிண்ட்ரோதீக்கா போன்ற வேகமாகப் பெருகும் களைகள். உங்களுக்கு வேண்டிய இனம் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

நுண்குழாய் தயாரித்தல்: பாஸ்டர் பைப்பெட்டின் மெல்லிய பகுதியைச் சுடரில் உருட்டிக்கொண்டே பிடியுங்கள். கண்ணாடி ஆரஞ்சு நிறமாகி, கையில் தளர்வது தெரியும். அந்த நொடியில் சுடரிலிருந்து வெளியே எடுத்து, பிறகு இழுங்கள். சுடருக்குள்ளேயே இழுத்தால் நூலாகி அறுந்துவிடும். சாமணத்தால் நுனியை ஒடித்து, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். துளை செல்லின் அகலத்தைப்போல இரண்டு முதல் ஐந்து மடங்கு இருக்கட்டும். ஒடிந்த விளிம்பு பல்பல்லாக இருந்தால் தூக்கி எறியுங்கள், அது செல்லைக் கிழிக்கும். ஒரு நாள் வேலைக்கு ஐம்பதாவது வேண்டும். முந்தின நாளே இழுத்து, கிருமி நீக்கி வையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல்முறை என்றால் காசினோடிஸ்கஸ் எடுங்கள். பெரிய வட்டத்தட்டு, பல இனங்கள் 100 மைக்ரானுக்கு மேல், கண்ணில் தவறாது. அடுத்தது ஸ்கெலிடோனீமா. சங்கிலியில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சீப்புப்பல் போல மெல்லிய கம்பிகள் தெரியும். ஐந்தாறு செல் உள்ள, பழுப்பு நிறம் நிறைந்த சங்கிலியைப் பிடியுங்கள். நிறம் வெளிறி, உள்ளடக்கம் ஒரு மூலையில் சுருண்ட செல் ஏற்கெனவே சாகத் தொடங்கிவிட்டது. கீட்டோசெரோஸின் நீண்ட முட்கள் நுண்குழாயில் சிக்கும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

கழுவுதல்: கிருமி நீக்கிய எஃப்/20 மீடியத்தை ஒரு தட்டில் ஆறு சொட்டாக வையுங்கள். பிடித்த செல்லை முதல் சொட்டில் விடுங்கள். குழாயை மாற்றி, அதே செல்லைத் தேடிப் பிடித்து அடுத்த சொட்டுக்கு. ஒவ்வொரு சொட்டிலும் உங்கள் செல்லைத் தவிர வேறு எது அசைகிறது என்று பாருங்கள். 3 மைக்ரான் அளவில் ஒரு ஃபிளாஜெல்லேட் கூடவே வந்திருந்தால், இரண்டு வாரத்தில் வளர்ப்புத் தட்டின் கிணறு (சிறு குழி) முழுவதும் அதுதான் இருக்கும். அசைவே இல்லாத இரண்டு சொட்டு அடுத்தடுத்து வந்த பிறகே, 24 கிணறு கொண்ட தட்டில் 1 மி.லி. எஃப்/20-இல் விடுங்கள். சொட்டுகள் ஆவியாகி உப்பு ஏறிவிடும் என்பதால், ஒரு செல்லுக்குச் சில நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு தட்டு நிறைய, 48 முறை பிடியுங்கள். பாதிக்கு மேல் வளராமல் போவது சாதாரணம்.

பத்து மைக்ரானுக்குக் குறைந்த செல்களை இப்படிப் பிடிக்க முடியாது. அவற்றுக்கு நீர்த்தல் முறை. 9 மி.லி. மீடியம் உள்ள டியூப்பில் 1 மி.லி. மாதிரி, அதிலிருந்து 1 மி.லி. அடுத்ததற்கு என்று ஐந்து படி இறங்குங்கள். கடைசி மூன்று படிகளில் தலா ஐந்து டியூப் வையுங்கள். ஐந்தில் ஒன்றிரண்டு மட்டும் வளர்ந்த படியைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் ஒரே செல்லிலிருந்து வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தும் வளர்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் பல செல் விழுந்திருக்கும்.

7. வெளிச்சம், வெப்பம், காத்திருப்பு

வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி. வெளிச்சம் 12 மணி நேரம், இருட்டு 12 மணி நேரம். முதல் மூன்று நாள் சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 முதல் 30 மைக்ரோமோல் ஒளி, பிறகு 50 முதல் 80. லக்ஸ் மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், குளிர்வெள்ளைக் குழல்விளக்குக்கு 1 மைக்ரோமோலுக்குச் சுமார் 74 லக்ஸ் என்று கணக்கிடுங்கள். ஒற்றைச் செல்லின்மேல் முதல் நாளே பளீரென்று வெளிச்சம் அடித்தால் அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகும். ஜன்னலோர வெயில் இன்னும் மோசம். மூடிய தட்டுக்குள் சூடு 35 டிகிரியைத் தாண்டும்.

தட்டின் விளிம்பைப் பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) சுற்றி மூடுங்கள். மூடியில் நீர் வியர்த்தால் அது ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்கு வழியும். அடியில் சூடும் மேலே குளிர்ச்சியும் இருந்தால் இப்படி ஆகும். தட்டை விளக்குச் சட்டத்தின்மேல் வைக்காதீர்கள்.

4, 7, 10, 14-ஆம் நாட்களில் பாருங்கள். மூன்று வாரம் ஆகும்வரை எதையும் கொட்டாதீர்கள்.

8. ஒரே இனம்தானா என்று உறுதிசெய்தல்

400 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒவ்வொரு கிணற்றையும் பாருங்கள், குறிப்பாக அடிப்பகுதியை. சுத்தமாகத் தெரிவதைக்கூட ஒருமுறை மறுபடியும் நுண்குழாயால் பிடித்து, புதுக் கிணற்றில் தொடங்குங்கள். அதன்பின் பாதிச் செறிவு எஃப்/2, பிறகு முழு எஃப்/2 என்று ஏற்றுங்கள்.

ஜெர்மானியம் டை ஆக்சைடு போட்டால் கல்ச்சர் சுத்தமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, இதில் போட்டுவிடாதீர்கள். அது டயாட்டத்தைக் கொல்லும் மருந்து. மற்றப் பாசிகளை வளர்ப்பவர்களுக்கானது.

பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். ஒரே பாசி இனம் இருப்பது வேறு, பாக்டீரியாவே இல்லாதிருப்பது வேறு. ஆய்வுக்குக் கட்டாயம் தேவைப்பட்டால் ஒழிய, ஆன்டிபயாட்டிக் பக்கம் போகாதீர்கள். அளவு கொஞ்சம் மீறினாலும் டயாட்டமும் படுத்துவிடும். பாக்டீரியா இல்லாமல் சரியாக வளராத டயாட்டங்களும் உண்டு.

9. மாற்றி ஊற்றுதலும் எண்ணுதலும்

7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, கல்ச்சர் தங்கப்பழுப்பாக, வேகமாகப் பெருகும் கட்டத்தில் இருக்கும்போது மாற்றுங்கள். ஒரு பங்குக்கு 10 முதல் 20 பங்கு புது மீடியம். வெளிறிக் கட்டியாகி அடியில் படிந்த பிறகு மாற்றினால், புதுப் பிளாஸ்கில் பல நாள் அசையாமல் கிடக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் இரண்டு வரிசை வைத்து, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நாளில் கலந்த மீடியத்துக்கு மாற்றுங்கள். ஒரு மீடியம் கெட்டால் மற்ற வரிசை பிழைக்கும்.

எண்ணுவதற்கு முன் பிளாஸ்கை இருபது முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உலுக்கினால் சங்கிலி அறும். சங்கிலிகளை அல்ல, செல்களை எண்ண வேண்டும். செறிவு குறைவாக இருக்கும்போது செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டு: 1 மி.லி. கொள்ளும், 1000 கட்டம். எண்ணிய செல்களை எண்ணிய கட்டங்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். செறிவு ஏறிய பிறகு நியூபாயர் தட்டு: 1 சதுர மி.மீ. கட்டத்தின் சராசரியை 10,000-ஆல் பெருக்குங்கள். ஒரு மாதிரிக்கு 400 செல் எண்ணினால் பிழை சுமார் 10 சதவீதம். 100 மட்டும் எண்ணினால் 20 சதவீதம்.

வளர்ச்சி விகிதம் காண, இரண்டு எண்ணிக்கைகளின் இயல் மடக்கை வித்தியாசத்தை நாட்களால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டாம் நாள் மி.லி.க்கு 12,000, நான்காம் நாள் 90,000 என்றால் வித்தியாசம் 2.015. இரண்டு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 1.007. அதை 0.693-ஆல் வகுத்தால், ஒரு நாளில் சுமார் 1.45 முறை இரட்டிக்கிறது. ஏறுமுகத்தில் உள்ள புள்ளிகளை மட்டும் எடுங்கள். தேங்கிய நாட்களைச் சேர்த்தால் விகிதம் பொய்யாகக் குறையும்.

10. பெயர் வைக்கும் முன்

சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இனப்பெயர் எழுதிவிடாதீர்கள். ஸ்கெலிடோனீமா காஸ்டேட்டம் என்று பல காலம் ஒரே பெயரில் அழைக்கப்பட்டது, 2005-இல் வந்த ஆய்வுகளில் பல இனங்களாகப் பிரிந்தது. அமிலத்தில் சுத்தம் செய்த ஓட்டை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும், டி.என்.ஏ வரிசையும் வேண்டும். அதற்கு, நன்றாக வளரும் கல்ச்சரில் 50 மி.லி.யை 3 மைக்ரான் வடிதாளில் வடித்து, மைனஸ் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ வையுங்கள். அதுவரை லேபிளில் பேரினப் பெயர், இடத்தின் குறியீடு, பிரித்த தேதி, கிணற்று எண் போதும். லேபிளை மூடியில் ஒட்டாமல் பிளாஸ்கின் உடலில் ஒட்டுங்கள், மூடிகள் இடம் மாறும்.

11. செல் சுருங்குவதைக் கவனியுங்கள்

டயாட்டத்தின் ஓடு சோப்புப் பெட்டிபோல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு பாதி. பிரியும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குள் அடங்கும் சிறிய பாதியைத்தான் புதிதாகக் கட்டும். அதனால் தலைமுறை தலைமுறையாகச் சராசரி அளவு குறைந்துகொண்டே போகும். கடலில் ஒரு கட்டத்தில் பாலினப்பெருக்கம் நடந்து, ஆக்ஸோஸ்போர் (முழு அளவுக்குப் பெருக்கும் சிறப்புச் செல்) மூலம் அளவு மீளும். பிளாஸ்கில் அது பல இனங்களில் நடப்பதில்லை. அப்போது கல்ச்சர் காரணமே தெரியாமல் மெலிந்து சாகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30 செல்களின் விட்டத்தை அளந்து, பிரித்த நாளின் அளவுக்கு அருகில் எழுதி வையுங்கள். ஆரம்ப விட்டத்தில் பாதியை நெருங்கும்போது, மீதமுள்ள சோதனைகளை அந்தக் கல்ச்சரில் முடித்துக்கொண்டு, அடிப்படைக் கடல்நீருக்கான கேனை மறுபடியும் அமிலத்தில் ஊறப்போடுங்கள்.